உங்கள் பக்கத்தில் புல்லாங்குழல் எதற்கு?

இன்று காலை பாலக்காடு போகும் பேருந்தில், சித்தூர் தாண்டியதும், பின் இருக்கையில் யாருடைய போனோ புல்லாங்குழல் வாசித்தது. அழைப்பு மணிதான். எடுத்தவர் மலையாளத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டார். பேருந்தில் வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் கோபம் ஏறியது. நீங்கள் காலமான பிறகு உங்கள் பெயரால் நடந்த ஒரு காரியத்தின் மேல் வந்த கோபம் அது. விஷயம் ஒருவாறு முடிந்துவிட்டது, கோபம் முடியவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கோபம் எனக்குப் பழக்கமில்லாதது என்று உங்களுக்குத் தெரியும். கல்லூரி நூலகத்தில் அத்தனை வருஷம் வேலை பார்த்தும், "சத்தம் போடாதீர்கள்" என்பதைக்கூட நான் சத்தமாகச் சொன்னதில்லை. ஓய்வு பெற்றபின் எனக்கு மிஞ்சிய ஒரே பொறுப்பு, நீங்கள் எழுதிய வலைப்பக்கத்துக்குப் பிழை திருத்துவது.

முதலமடைப் பக்கத்துத் தோப்பிலிருந்து வந்து, கால் கழுவி, அன்று மாமரத்தில் கண்டதைப் போனில் தட்டி எனக்கு அனுப்புவீர்கள். தமிழ் மாதமும் தேதியும்தான் தலைப்பு. கீழே நாலைந்து வரி. வடக்கு ஓரத்துச் செந்தூர மரத்தில் பூ எடுத்திருக்கிறது, பனி குறைவு, தத்துப்பூச்சி தெரிகிறது, மருந்தடித்தேன், மழை வந்து கழுவிக்கொண்டு போய்விட்டது, அவசரப்பட்டது என் தப்பு. இப்படித்தான் இருக்கும். வெள்ளைத் தாள் போன்ற பக்கம், கறுப்பு எழுத்து. நான் ஒற்றெழுத்துகளைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினால், "ஏனுங் சார், அந்த 'க்' இல்லாட்டிப் பூ கருகிப் போயிருமுங்களா?" என்று கேட்பீர்கள். ஆனாலும் சேர்த்துத்தான் போடுவீர்கள்.

ஒருமுறை, தயங்கித் தயங்கி, படம் ஏதாவது போட்டால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்றேன். தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் சிரித்தீர்கள்.

"படிக்கறவனும் மாமரத்துக்கடியிலதானுங்களே நிக்கறான்? அவனுக்குப் போயி நான் இன்னொரு மாமரத்தக் காட்டோணுமா?"

பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

பூ தாமதமான அந்த வருஷம் நினைவிருக்கிறதா? நம் பக்கத்தில் வியாபாரிகள் பூவைப் பார்த்துத்தான் தோப்பைக் குத்தகை பேசுவார்கள். மார்கழி பிறந்தும் மரமெல்லாம் இலையாக நின்றது. நீங்கள் தினமும் தேதி போட்டு ஒரே வரி எழுதினீர்கள்: "பூ இல்லை." மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. திருத்துவதற்கு எனக்கு அதில் ஒன்றுமே இல்லை. பொறுக்க முடியாமல், இதை எதற்குத் தினமும் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"வியாபாரி தோப்புத் தோப்பாப் போயி, 'உங்களுக்கு மட்டுந்தானுங்க பூ வரல'ன்னு சொல்லி வெலைய அடிக்கறான் சார். எனக்கும் வரலைன்னு தெரிஞ்சா, தோப்புக்காரன் நாலு நாள் பொறுத்திருப்பானுங்க."

பலர் பொறுத்திருந்தார்கள். பொங்கல் கழிந்து ஒரு நாள் நீங்கள் எழுதியது ஒரே ஒரு சொல்: "பூ." அதன் கீழே கருத்து எழுதியவர்களின் சந்தோஷத்தைப் படித்துக்கொண்டு அன்று முழுவதும் நான் போனைக் கீழே வைக்கவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் மகள் கவிதா, உங்கள் முதல் வருஷ நினைவு நாளுக்காக, கோயமுத்தூரில் ஒரு டிசைன் கம்பெனியிடம் உங்கள் பக்கத்தைக் கொடுத்துப் புதிதாக்கச் சொன்னாள். பெரிய செலவு. தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். வேலை முடிந்ததும் முதலில் எனக்குத்தான் அனுப்பினாள். நினைவு நாளன்று எல்லாரும் பார்க்கத் திறப்பார்கள் என்றும், அன்றோடு பழைய பக்கம் மூடப்படும் என்றும் சொன்னாள்.

திறந்தேன். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போன் கெட்டுவிட்டதோ என்று நினைத்தபோது, திரை முழுக்க ஒரு சிவந்த மாம்பழம் வந்தது. நம் பக்கத்தில் எந்த மரத்திலும் அப்படியொரு பழத்தை நான் பார்த்ததில்லை. அதன்மேல் "இயற்கையின் காதலர்" என்று எழுத்துகள் மிதந்து வந்தன. கூடவே புல்லாங்குழல். மருந்தடித்தது பற்றி ஒளிக்காமல் எழுதிய மனிதர் நீங்கள். காது கொடுத்துக் கேட்டதெல்லாம் மோட்டார் ஓடுகிறதா என்பதைத்தான். உங்களுக்கு எதற்குப் புல்லாங்குழல்?

எழுத்து சாம்பல் நிறம், நூல் மாதிரி மெல்லிசு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டும் தெரியவில்லை. நீங்கள் எழுதியவற்றை "மண்", "மரம்", "மனம்" என்று மூன்று கூறாகப் பிரித்து வைத்திருந்தார்கள். தேதிகள் எங்குமே இல்லை. தலைப்பு இல்லாமல் வெறும் தேதி இருந்தால் அழகாக இல்லை என்று அவர்களே தலைப்பு வைத்திருந்தார்கள். செந்தூரத்தில் பூச்சி விழுந்த நாளுக்கு "ஒரு மௌன யுத்தம்" என்று பெயர்.

முதலில் என்மேல்தான் சந்தேகம் வந்தது. எனக்குப் புதிது என்றாலே பயம். நான் திருத்திய பக்கத்தை வேறொருவர் தொட்டுவிட்டார் என்ற பொறாமையாகவும் இருக்கலாம். அதனால் அவசரப்படாமல், வீட்டில் திறந்து பார்த்தேன், பேருந்து நிலையத்தில் திறந்து பார்த்தேன், உங்கள் தோப்புக்கே போய் மரத்தடியில் நின்று திறந்து பார்த்தேன். தோப்பில் வட்டம் சுற்றியது சுற்றியபடியே இருந்தது. பழைய பக்கம் அதே இடத்தில் உடனே திறந்தது.

அன்று சாயங்காலம் கொல்லங்கோட்டுப் பக்கத்துத் தோப்புக்காரர் பொன்னுச்சாமி கூப்பிட்டார். உங்கள் பக்கத்தை நாள் தவறாமல் படித்தவர். அவருக்கும் கவிதா புதிய பக்கத்தை அனுப்பியிருந்தாள்.

"ஏனுங் சார், இந்த வருசமும் பூவக் காணமுங்க. வியாபாரி வந்து பழைய பாட்டையே பாடறான், உங்களுக்கு மட்டுந்தான் வரலைன்னு. அன்னிக்குப் பொங்கல் கழிஞ்சு பூ வந்துச்சே, அதக் காட்டலாம்னு தொறந்தா, குழலூதிக்கிட்டு ஒரு பழம் வருதுங்க. வியாபாரி சிரிக்கறான். 'பூவே வரல, உங்க போன்ல பழமே வந்துருச்சே'ங்கறான்!"

"பழைய பக்கம் இன்னும் இருக்கிறதே," என்றேன்.

"நெனவு நாளோட மூடறாங்களாமுங்களே? அவன் அதுக்கு மறுவாரம் பேச வாரான். எதக் காட்டறதுங்க?"

புதிய பக்கத்தில் அந்த வருஷத்தைத் தேடினேன். எத்தனையோ நாள் நீங்கள் எழுதிய "பூ இல்லை" எல்லாம் போய், ஒன்றே ஒன்று இருந்தது. அதற்குத் தலைப்பு "வெறுமை". அதில் கவிதைத்தனம் இருப்பதாகக் கம்பெனிக்காரர்கள் நினைத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

மறுநாள் கவிதா உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று கேட்டுப் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அவள் காப்பி கொண்டு வந்து வைத்து, "பாத்தீங்களா மாமா? அப்பாவுக்கு ஏத்த மாதிரி இருக்குதுங்களா?" என்று கேட்டாள். காப்பியைக் குடித்தேன். பிறகு, "அம்மிணி, பூ தாமதமான வருஷத்தில் பூ எந்தத் தேதியில் வந்தது என்று இதில் எடுத்துக் காட்டு" என்றேன்.

தேடினாள். மண்ணைத் தொட்டாள், மரத்தைத் தொட்டாள், மனத்தைத் தொட்டாள். அவள் ஒவ்வொரு முறை முகப்புக்குத் திரும்பும்போதும் புல்லாங்குழல் முதலிலிருந்து தொடங்கியது. கடைசியில் எரிச்சலோடு கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, நானும் கேட்கும்படி வைத்தாள்.

"மேடம், ஒரே போஸ்ட் நிறைய தடவை ரிப்பீட் ஆகியிருந்துச்சு. தெரியாம பதிவாகியிருக்கும்னு எடுத்துட்டோம். பெர்சனல் ப்ளாக்னா ஒரு ஃபீல் வேணும், இல்லீங்களா?"

"அது ஒரே பதிவு இல்லை!" என்றேன். என் குரல் சுவரில் மோதித் திரும்பியது. "ஒவ்வொன்றும் வேறு வேறு நாள். ஒவ்வொரு நாளும் வெயிலில் போய், ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துவிட்டு எழுதியது. அவர் பார்த்ததை அழிக்க நீங்கள் யார்?"

கம்பெனிக்காரர் ஏதோ சொல்ல வந்தார். கவிதா போனை வைத்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் பழைய பக்கத்தைத் திறந்து, அந்த மார்கழிக்குப் போய், விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தாள். பூ இல்லை. பூ இல்லை. பூ இல்லை. திடீரென்று சிரித்தாள். கண் நிறைந்திருந்தது.

"போன்லயும் இப்படித்தானுங்க மாமா பேசுவாரு. தெனமும் கூப்புடுவாரு, 'ஒண்ணுமில்ல அம்மிணி'ன்னு வெச்சுருவாரு. எனக்குக் கோவமா வரும்." போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்பாவுக்குன்னு நான் வேறென்ன செய்யட்டும், சொல்லுங்க."

செலவு செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். வழியோடு போகிறவரை உள்ளே அழைக்க வேண்டிய கடைக்கு முகப்பு வேண்டும். ஒரு மனிதர் தன் பாட்டுக்கு எழுதும் பக்கத்துக்கு வருகிறவர்கள், அந்த மனிதரைத் தேடி வருகிறார்கள். அவர்கள் வந்ததும் அவர் பேச வேண்டும். நடுவில் யாரும் குழலூதிக்கொண்டு நிற்கக் கூடாது. எவ்வளவு விலை கொடுத்த அலங்காரமானாலும், எழுதியவரை மறைத்தால் அது அவமரியாதை. இதை இவ்வளவு ஒழுங்காக அவளிடம் நான் சொல்லவில்லை. உளறித்தான் சொன்னேன். புரிந்துகொண்டாள், உங்கள் மகள் அல்லவா?

பழைய பக்கம் அப்படியே இருக்கிறது. கம்பெனியிடம் அவள் அதிலேயே புதிதாக ஒன்றைச் செய்து தரச் சொன்னாள். மாதத்தைத் தட்டினால், எல்லா வருஷத்தின் அந்த மாதமும் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகிறது. கேட்டபடி எழுத்தையும் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். அது நல்ல வேலை, பாராட்டாமல் இருக்க முடியாது. பொன்னுச்சாமி வியாபாரியிடம் அதைக் காட்டினாராம். "பாக்கலாமுங்க" என்று போனவன் இன்னும் திரும்பி வரவில்லை. பொன்னுச்சாமி தோப்பை இன்னும் கொடுக்கவில்லை. பூவும் இன்னும் வரவில்லை.

நான் கிளம்பும்போது கவிதா கேட்டாள், "எல்லாஞ் செரிங்க மாமா. இனி இதுல யாரு எழுதுவா?"

நான் இதுவரை யாருடைய எழுத்தையோதான் திருத்தியிருக்கிறேன். எனக்குத் தோப்பு கிடையாது. வீட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டி, என்ன ரகமென்றே தெரியாத ஒற்றை மாமரம் நிற்கிறது. மறுநாள் காலை அதன் அடியில் போய் நின்று பார்த்தேன். உள்ளே வந்து, தேதி போட்டு, எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். "சித்தூர். ஒரே மரம். கிழக்குக் கிளை நுனியில் சிவப்பாக ஏதோ வந்திருக்கிறது. பூவா, தளிரா என்று எனக்குத் தெரியவில்லை." இதைப் போய்ப் போடுவதா என்று மத்தியானம் வரை யோசித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே பொன்னுச்சாமி எழுதியிருந்தார்: "அது தளிருங் சார். இது கூடத் தெரியாமயா இத்தன வருசம் அவருக்குத் திருத்துனீங்க? செரி, நாளைக்கும் போயிப் பாருங்க."

போய்ப் பார்க்கிறேன்.