கயிறு தெரிந்தது, முகங்கள் தெரியவில்லை

கோபத்திலும்கூட என்னை முழுப்பெயர் சொல்லியே அழைத்த என் அருமை அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை நலம். காஜா பெராங் வீட்டின் முன்னறையில் நமது ஸ்டூடியோ இன்னும் திறந்தேயிருக்கிறது. அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வருகிறவர்கள் இப்போது என் எதிரில்தான் தாடையை உயர்த்தி அமர்கிறார்கள். அண்ணி வழக்கம்போல் என்னோடு சண்டையிட்டுக்கொண்டும், சண்டை முடியுமுன் எனக்குச் சோறு போட்டுக்கொண்டும் இருக்கிறார்.

இக்கடிதம் நமது சீர்திருத்தச் சங்கத்தின் ஆண்டு மலரில் அச்சாகப் போகிறது. ஆகவே ஊரார் படிப்பார்கள், படிக்கட்டும். ஆனால் இதிலுள்ள கேள்விகள் உங்களுக்கு மட்டுமே உரியவை. நான் சந்தேகப் பிராணி என்று நீங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். இம்முறை என் சந்தேகம் உங்கள்மீதே வந்து நின்றுவிட்டது, அண்ணா.

சில நாள்களுக்கு முன் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நாட்டுக்கு மெர்டேக்கா என்னும் விடுதலை கிடைத்து ஓராண்டு நிறைவதையொட்டி வெளியிடும் மலரில் உங்களுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்லி, அதற்கான வாசகத்தைப் பெருமையுடன் படித்துக் காட்டினார். 'பார்வை மங்கிய நிலையிலும் சங்கத்துக்காகக் கேமரா ஏந்திய பெருந்தகை' என்று அது தொடங்கியது.

"யாருடைய பார்வை மங்கியது?" என்று கேட்டேன்.

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? அந்தப் படத்த நம்ம எல்லாரும்தானே ஒக்காந்து பாத்தோம். பாவம், அண்ணனுக்குக் கண்ணு போச்சு. அதத்தான் கௌரவமா போட்டிருக்கோம்."

"அதை அச்சிடாதீர்கள். என் அண்ணன் கண்ணில் குறையில்லை."

"அப்ப எதுல கொறைன்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவுது. அதுக்குள்ள சொன்னா பாப்போம் லா."

எதில் குறை? அந்தக் கேள்வி அவர் போன பின்னும் வாசலிலேயே நின்றது.

நாடு விடுதலை பெற்ற நாளின் காலையை நான் மீண்டும் எண்ணிப் பார்த்தேன். பண்டார் ஹிலிர் திடலில் மக்கள் நெருக்கியடித்து நின்றார்கள். வானம் மூடியிருந்தது, வெளிச்சம் போதவில்லை. நீங்கள் ஒரு மேசைமீது ஏறி நின்று, நமது சினிமாக் கேமராவின் லென்ஸ் துவாரத்தை முழுமையாகத் திறந்தீர்கள். கூட்டம் முழுவதும் ஒரே படத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே புதிதாக வாங்கிய அகன்ற பார்வை லென்ஸை அன்றுதான் முதன்முதலாகப் பூட்டியிருந்தீர்கள். தூரத்தைக் கணித்து வளையத்தைத் திருப்பிவிட்டு, "கடைசி வரிசைக் கிழவியின் மூக்குத்தியும் தெரியும் பார், மீனாட்சி" என்றீர்கள்.

படச்சுருளைக் கழுவி வாங்கி, சங்க மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டித் திரையிட்டோம். திடலில் உங்களுக்கும் எனக்கும் முன்னே, கூட்டத்தைத் தடுக்கக் கட்டப்பட்டிருந்த ஒரு கயிறு, அதன் ஒவ்வொரு நாரும் எண்ணும்படி, திரையின் குறுக்கே ஓடியது. அதற்கப்பால் ஆயிரம் முகங்கள் இருந்த இடத்தில் வெறும் புகை.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "ஏன்யா, மெர்டேக்கா நமக்குக் கெடச்சிச்சா, கயித்துக்குக் கெடச்சிச்சா?" மண்டபம் சிரித்தது. "அண்ணனுக்கு வயசாயிடுச்சு, கண்ணாடி போடச் சொல்லுங்க" என்றார் இன்னொருவர். நீங்கள் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கயிற்றையே பார்த்தீர்கள். நானோ உங்களைப் பார்த்தேன். அப்போது உங்கள் முகத்தில் தோன்றியது அவமானம் என்றே எண்ணினேன்.

அதன்பின் நீங்கள் அந்தக் கேமராவைத் தொடவில்லை. யார் கேட்டாலும் "கண் சரியில்லை" என்றீர்கள். ஓயாத காய்ச்சல் உங்களைக் கொண்டு போகும்வரை அதையே சொன்னீர்கள். ஆனால் அண்ணா, அதே நாள்களில் அண்ணிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவர் யார்? நாளிதழின் ஓரத்தில் பொடி எழுத்தில் வரும் மரண அறிவிப்புகளைக் கண்ணாடியின்றிப் படித்துக் காட்டியவர் யார்? நூல் நுழையும் துளை தெரிந்த கண்ணுக்கு ஒரு திடல் எப்படித் தெரியாமற்போகும்?

என் முதற்சந்தேகம், லென்ஸை விற்ற பாய் மீதுதான். பழைய பொருளை மெருகேற்றித் தலையில் கட்டிவிட்டாரோ என்று பண்டார் ஹிலிரில் அவர் கடைக்கே போனேன். அவர் கோபப்படவில்லை.

"தங்கச்சி, ஒங்க அண்ணன் இதே எடத்துல நின்னு, பூட்டி, கழட்டி, மறுபடி பூட்டி, பின்மூடியத் தெறந்து தாளு வச்சு எதிர்க்கடை போர்டப் பாத்துட்டுத்தான் வாங்கிட்டுப் போனாரு. நான் ஏமாத்த நெனச்சாலும் அவருகிட்ட நடக்குமா?" என்றவர், "வீட்டுக்குப் போயி என்னா செஞ்சாரோ, அத ஒங்க வீட்டுலதான் கேக்கணும்" என்றார்.

அந்தக் கடைசிச் சொற்கள் வழி நெடுக என்னோடு வந்தன. விற்கும்போது சரியாயிருந்த பொருள், நம் வீட்டுக்கூரையின் கீழ்தான் கெட்டிருக்க வேண்டும்.

கேமராவோடு வந்த ஆங்கிலக் கையேட்டை, அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். எந்தப் பள்ளியும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. லென்ஸுக்கும் அதன் பின்னே படச்சுருள் ஓடும் இடத்துக்கும் நடுவிலுள்ள தூரம் மாறவே கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. மயிரிழை அளவு கூடினாலும் அருகிலுள்ளது தெளியும், தொலைவிலுள்ளது மங்கும். அகன்ற பார்வை லென்ஸாயிருந்தால் அந்தக் கேடு பன்மடங்காகும். நம் கேமராவிலோ பார்த்துப் படமெடுக்கும் சாளரம் தனியே பக்கவாட்டில் இருக்கிறது. லென்ஸ் என்ன காண்கிறது என்பது எடுப்பவருக்குத் தெரியாது. படச்சுருள் கழுவி வந்த பின்தான் தெரியும்.

பீரோவின் மேலிருந்து கேமராவை இறக்கினேன். பின்மூடியைத் திறந்து, படச்சுருள் ஓடும் இடத்தில் எண்ணெய்த் தாள் துண்டொன்றைப் பதித்து, கொல்லைப்புறத்தை நோக்கி வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பழைய லென்ஸில் தொலைவிலிருந்த தென்னை கீற்றுக் கீற்றாக விழுந்தது. புதிய லென்ஸைப் பூட்டி, வளையத்தை ஆகத் தொலைவான இடத்தில் நிறுத்தினேன். தென்னை கரைந்துபோயிற்று. கைக்கெட்டும் தொலைவில் கொடியில் காய்ந்த அண்ணியின் ரவிக்கைதான் கொக்கி கொக்கியாகத் தெரிந்தது.

லென்ஸைத் திருகிக் கழற்றினேன். கேமராவின் உடம்போடு அது பொருந்தி அமரும் வளையத்தில், மஞ்சளாய் ஏதோ காய்ந்து பொருக்கிட்டிருந்தது. துரு என்று நினைத்தேன். முகர்ந்தேன்.

சந்தனம். நடுவில் ஒரு துளி குங்குமம்.

அண்ணா, நீங்கள் யார் என்பது ஊருக்குத் தெரியும். ஐயரும் தாலியும் இல்லாமல் மேடையில் மாலை மாற்றி மணந்தவர். புதுப் பேருந்தின் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியவர்களைக் கேலி செய்து சங்கத்தில் நாடகமே போட்டவர். உங்கள் கேமராவுக்குள் சந்தனம் வைக்கத் துணிந்தவர் வேறு யாராக இருக்க முடியும்? நேரே அடுப்படிக்குப் போனேன்.

"அண்ணி, புது லென்ஸுக்குப் பொட்டு வைத்தது நீங்கள்தானே?"

அண்ணி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "என்னாது?"

"சந்தனம். லென்ஸுக்கு அடியில். அதனால்தான் படம் மங்கியது."

"அடியிலயா? நான் ஏன்டி அடியில வைக்கிறேன்? எஞ்சாமிய ஒளிச்சு வைக்கணும்னு எனக்கு என்னா தலையெழுத்து? ஒங்க அண்ணன் கத்துனாலும் வாசப்படியில வச்சேன், அடுப்புல வச்சேன், அவரு சைக்கிள்ல கூட வச்சேன். வச்சா நெத்தியிலதான் வைப்பேன்."

"வேறு யார் வைப்பார்கள்?"

"கொண்டா இங்க." லென்ஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

"படிச்சவ, இது தெரியலையா ஒனக்கு? பாரு, ரேகைக்கு நடுவுல கோணலா ஒரு கோடு. படம் வெட்டுற கட்டர்ல அறுத்துக்கிட்ட கட்டவிரலு."

பார்த்தேன். உங்கள் இடக்கட்டைவிரல், அண்ணா. மருத்துவமனையில் தையல் போட்ட வடுவோடு, சந்தனத்தில் அழுந்தியிருந்தது.

"மெர்டேக்கா அன்னிக்குக் காலையில நான் எந்திரிக்கும்போது சந்தனக் கல்லு ஈரமா இருந்துச்சு" என்றார் அண்ணி. "நீ தேச்சிருப்பேன்னு நெனச்சேன். நாத்தனாருக்கு இப்பவாச்சும் புத்தி வந்துச்சேன்னு சந்தோசப்பட்டேன்."

அவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை. நாங்கள் இருவரும் அடுப்பில் குழம்பு தீய்ந்து நாறும்வரை அங்கேயே நின்றோம்.

வெள்ளிக்கிழமை செயலாளர் வந்ததும் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அம்மா, இத வெளியில விடாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன். அண்ணன் பேச்சக் கேட்டுத்தான் நானே பொட்டு வைக்கிறத விட்டேன். எங்க கொள்கை என்னாவுறது? கண்ணுன்னே இருந்துட்டுப் போகட்டும்."

நான் பதில் சொல்லுமுன் அண்ணி சொல்லிவிட்டார்: "ஒங்க கொள்கை நல்லா இருக்கறதுக்கு எம் புருசன் கண்ணக் குத்துவீங்களா?"

ஆனால் அண்ணா, அந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதா? இரண்டு நாள்களாக அதை நான் உங்களிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கயிறு தெளிந்து கூட்டம் மங்கினால் அதற்கு என்ன பொருள் என்பது, கையேட்டை இந்த வாரம் மறுபடி புரட்டிய எனக்கே விளங்கியது. இருபது ஆண்டுகள் கேமராவோடு வாழ்ந்த உங்களுக்கு விளங்காமலா இருந்திருக்கும்? அன்று மண்டபத்தில் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அப்போதே தெரிந்துவிட்டதல்லவா? வீட்டுக்கு வந்து, கழற்றி, துடைத்துவிட்டு, லென்ஸ் சரியாக அமரவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏன் அமரவில்லை என்று நான் கேட்பேன் என்றா அஞ்சினீர்கள்? நான் கேட்டிருப்பேன்தான். நீங்கள் உண்மையைச் சொல்லும்வரை விட்டிருக்கவும் மாட்டேன்தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வாழ்நாளெல்லாம் எதையும் வேண்டிக்கொள்ளாத நீங்கள், அன்று காலை எதை வேண்டினீர்கள்? படம் நன்றாக வர வேண்டும் என்றா? புது நாடு நன்றாயிருக்க வேண்டும் என்றா? குடியுரிமை விண்ணப்பம் கையிலிருக்க, 'இனி நாம் யாருடைய ஆட்கள்?' என்று அந்த மாதம் முழுவதும் நீங்கள் உறங்காமல் புரண்டதை நான் அறிவேன். மேடையில் சொல்ல முடியாத அச்சத்தை, எவரும் காணாத இடம் தேடி வைத்தீர்களோ? உலகத்தில் அத்தனை இடமிருக்க, ஒளி நுழையும் வாயிலில்தானா அதை வைக்க வேண்டும்?

எனக்கு விடை தெரியாது. தெரிந்ததாக நடிக்கவும் மாட்டேன்.

உங்கள் தோழர்களில் சிலர் இதைப் படித்துச் சிரிக்கலாம். கோவிலுக்குப் போகிறவர்களில் சிலர், "பார்த்தாயா, கடைசியில் வழிக்கு வந்தார்" என்று மகிழலாம். இரு தரப்பாரும் என் சந்தேகத்துக்கு உரியவர்களே. நான் சொல்வது ஒன்றுதான்: மெலாக்காவின் மிகக் கூர்மையான கண்கள் இரண்டு, ஒரு குற்றமும் செய்யாமல் பழி சுமந்தன. உங்கள் கொள்கையின் பெயரைக் காக்க, உங்கள் தொழிலின் பெயரை நீங்களே பலி கொடுத்தீர்கள். அது உங்கள் உரிமை என்று எண்ணினீர்கள். அதில் எனக்கும் பங்கு உண்டு, அண்ணா; அந்தப் பெயர்ப்பலகையில் உங்கள் பெயருக்கு அடியில் என் பெயரும் இருக்கிறது.

செயலாளர் அந்த வாசகத்தை அடித்துவிட்டு, அச்சைச் சில நாள் தள்ளிப்போட்டு, அரைப்பக்கத்தை என்னிடம் கொடுத்தார். "கொஞ்சம் பாத்து எழுதுங்கம்மா" என்றார். அரைப்பக்கம் எனக்குப் போதவில்லை என்பதை அவர் இப்போது அறிந்திருப்பார்.

நேற்று, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, அந்த வளையத்தைத் துடைத்தேன். உங்கள் விரல் பதிந்த இடத்தைக் கடைசியாகத் துடைத்தேன். இதைவிட உங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி வேறில்லை. லென்ஸ் இப்போது சரியாக அமர்கிறது. அண்ணி பக்கத்தில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை.

ஆண்டு விழாவுக்கு நானே படமெடுக்கப் போகிறேன். எவருடைய அனுமதியும் கேட்கவில்லை. கேமரா நம்முடையது, திடல் எல்லாருடையது. உங்களுக்கு ஓர் உறுதி தருகிறேன். படம் தெளிவாக வந்தால் உங்கள் பெயரைச் சொல்லித் திரையிடுவேன். மங்கி வந்தால், விளக்கைப் போடச் சொல்லி, அந்த மண்டபத்திலேயே எழுந்து நின்று காரணத்தைச் சொல்வேன். அது என் கையின் பிழையாயினும் சரி, என் கண்ணின் குறையாயினும் சரி, எவருக்கும் தெரியாமல் நான் செய்த வேண்டுதலாயினும் சரி.

என்றும் உங்களைக் கேள்வி கேட்கும் உரிமையோடு,
உடன்பிறந்தவள்,
மீனாட்சி
காஜா பெராங், மெலாக்கா