பாப்பா தின்னாத முறுக்கு

3, திங்கள். வெயில்.
தறிக்கு லீவு போட்டாச்சு. மத்தியானத்திலிருந்து பாப்பா வீறிட்டு அழுகிறாள், காலை மடக்கி மடக்கி. பத்து நிமிஷம் அழுகை, அப்புறம் சிரிப்பு. ஒன்பது மாசத்தில் என்ன நடிப்பு!

அவருக்கு போன் போட்டேன். போர் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் காட்டில். டவர் இல்லை.

தின்றது சிக்கியிருக்கும், தொக்கம்தான் என்று நானே முடிவு பண்ணி, பஸ் ஸ்டாண்டு பின்னால் தொக்கம் எடுக்கும் அம்மாவிடம் தூக்கிப் போனேன். வயிற்றை நீவி, தொண்டையில் ஊதி, உள்ளங்கையில் ஏதோ துணுக்கைக் காட்டினார்.
"முறுக்குங்க சாமி. இனி அழுவாது."
பாப்பா தூங்கிவிட்டாள். எனக்கும் நிம்மதி.

4, செவ்வாய். மூட்டம்.
காலையில் பச்சையாய் வாந்தி. இடுப்புத் துணியில் ஆய் சிவப்பாய், ஜாம் மாதிரி. வெண்ணந்தூரில் பஸ் ஏறி சேலம் ஆஸ்பத்திரி. எடுத்து வந்தது: ஆதார், இரண்டு துண்டு. சார்ஜர் மறந்தேன்.
பஸ்ஸில்தான் உறைத்தது. பாப்பா இன்னும் முறுக்கே தின்றதில்லை.

ஸ்கேன். டாக்டரம்மா சொன்னார்: "குடலுக்குள்ள குடல் சொருகியிருக்கு. காத்து அடிச்சுத் தள்ளிப் பார்க்கலாம். எப்போதிருந்து அழுவுறா?"
"காலையிலிருந்துங்க."
திட்டுவார்களோ என்ற பயம். வேறொன்றும் இல்லை.

காற்று அடிக்க சிஸ்டர் பாப்பாவை வாங்கிக்கொண்டு போனார். கதவு வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஓடினேன். "நேத்து மத்தியானத்திலிருந்துங்க. தொக்கம் எடுக்கப் போயிட்டேனுங்க."
டாக்டரம்மா திட்டவில்லை. வயிற்றை மறுபடி தொட்டார். "இறுகிப் போச்சு. இப்ப காத்து அடிச்சா குடல் கிழிஞ்சிரும். ஆபரேஷன்தான்."
கையெழுத்து. 'உறவு' என்ற இடத்தில் அம்மா என்று எழுதக் கூசியது.

5, புதன்.
கறுத்துப்போன குடல், நாலு விரல் நீளம், வெட்டிவிட்டார்கள். பாப்பாவுக்குக் கீழே காற்று பிரிந்தால்தான் பால் கொடுக்கலாமாம். எனக்கு மார் கட்டிக்கொண்டு வலி. பிழிந்து கொட்டினேன்.
பக்கத்துக் கட்டிலில் வாழப்பாடிக்காரர்கள். ஐந்து பேர், ஒரே சிரிப்பு. சார்ஜர் கொடுத்தார்கள்.
"உங்க கூட யாரும் வரலையா?"
"வருவாங்க" என்றேன். யார் வருவார்?

7, வெள்ளி. தூறல்.
சாயங்காலம் தொட்டிலிலிருந்து 'டர்'. கைதட்டிவிட்டேன்! வார்டே திரும்பிப் பார்த்தது. நாளைக்குப் பால் கொடுக்கலாமாம். அழுது தீர்த்தேன்.
ஒருவழியாக அவர் போன். ஆபரேஷன், குடல், டர் எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் விசும்பல்.
"நல்லவேளை புள்ள, நீ சட்டுனு தூக்கிட்டு ஓடுன. உன்னாலதான் கொழந்த பொழச்சுது."
"ஆமாங்க" என்றேன்.