மணல்தீவில் கிணறு வெட்டப்போன செங்கோடனுக்கு

என் சாமி, தம்பி செங்கோடா,

மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. மிட்டாதாரின் மாந்தோப்புக் கிணற்றில் இப்போது சேறுதான் கிடக்கிறது. இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்? ஐந்தாவது வரை படித்த படிப்பு இதற்காவது உதவட்டும் என்று எழுத உட்கார்ந்தேன். ஊரே வானத்தைப் பார்த்து அழுகிறது, எனக்கு மட்டும் வயிறு குளிர்ந்து கிடக்கிறது.

உன்னை அவர்கள் விட்டுவிட்டு வந்த அந்தத் தீவை நான் போய்ப் பார்த்தேனப்பா. உன் மச்சானை நச்சரித்து ராமேசுவரம் கூட்டிப் போகச் சொன்னேன். உனக்குச் செய்ய வேண்டிய காரியத்தை முடித்துவிட்டு, ஒரு மீன்காரர் படகில் ஏறினோம். படகுக்காரர் சம்சாரமும் கூட வந்தாள்.

கல்லே இல்லாத மண்ணை அன்றுதான் கண்டேன். நீளமாக, ஒடுங்கலாக ஒரு மணல் திட்டு. கரையைப் பார்த்த பக்கம் தண்ணீர் குளம்போல அசையாமல் கிடக்கிறது. மறுபக்கம் போனால் அலை ஆளை அடிக்கிறது. மணலை அடும்பங்கொடி பின்னிப் பிடித்திருக்கிறது, அதில் ஊதா ஊதாவாகப் பூ. தாழம்புதர் ஓரத்தில் ஆமை முட்டையிட்டுவிட்டு ஊர்ந்துபோன தடம் அப்படியே இருந்தது. முந்தின காலத்தில் முத்துக் குளித்தவர்கள் வந்து தங்குவார்களாம், அவர்கள் உடைத்துப் போட்ட சிப்பி இன்னும் மேடாகக் கிடக்கிறது. ஒரு காலத்தில் நிலத்தோடு ஒட்டியிருந்ததாம், ஏதோ ஒரு புயல் அறுத்துவிட்டதாம். அலைக்கு முதலில் மாரைக் கொடுப்பது இந்தத் திட்டுதான், இது இல்லாவிட்டால் எங்கள் குடிசை நிற்காது என்றாள் அந்த அம்மா.

ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. ஒன்று இறக்கை விரித்ததும் எல்லாம் விரித்தன, உள்ளே அத்தனையும் சிவப்பு. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இவற்றைச் சுட்டு விளையாடத்தான் மிட்டாதாரின் துரைமார் சிநேகிதர்களுக்கு அங்கே ஒரு பங்களா வேண்டுமாம். பங்களாவுக்குக் கிணறு வேண்டுமாம். கிணற்றுக்கு நீ வேண்டுமாம்.

நம்மவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பாறைதானே? பாறை தட்டினால்தான் கிணறு, மேலே கசிவதெல்லாம் தண்ணீரா என்பார் அப்பா. நீயும் அப்படித்தானே செய்தாய்? முழங்கால் ஆழத்தில் நல்ல தண்ணீர் வந்ததை இறைத்துக் கொட்டிவிட்டு, பாறையைத் தேடி இரண்டு ஆள் ஆழம் இறங்கினாய். அந்த அம்மா அடும்பங்கொடிக்குப் பக்கத்தில் கையாலேயே மணலைப் பறித்து எனக்குத் தண்ணீர் காட்டினாள். குடித்தேன், இனித்தது.

"இது மழத்தண்ணி தாயி. உப்புத்தண்ணிக்கு மேல பாலேடு மாதிரி நிக்கும். ஆழத் தோண்டுனா ஏடு கிழிஞ்சுபோகும்" என்றாள்.

தெரியாமல் தோண்டினாய். அது உன் தப்புத்தான், சரி. தப்புச் செய்தவனை மண்ணுக்குள் உயிரோடு விட்டுவிட்டு வரலாமா?

மணல் சரிந்து உன்னை மார்வரை மூடியபோது நீ பேசிக்கொண்டிருந்தாய் என்று உன்னோடு வேலைக்கு வந்திருந்த உன் மச்சான் சொன்னார். ஆட்கள் எல்லாரும் கைபோட்டுப் பறித்திருக்கிறார்கள். பலகை கொடுத்து மணலைத் தடுத்திருந்தால் எடுத்திருக்கலாமாம். பலகை படகில் இருந்தது. சுட்ட பறவைகளோடு துரைமார் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். "காத்து மாறுது. காலைல வந்து எடுத்துக்கலாம், எல்லாரும் ஏறுங்கடா" என்றானாம் மிட்டாதார். துப்பாக்கிக்காரன் முன்னால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? உன் மச்சான் மட்டும் ஏறவில்லை. வெறும் கையால் பறித்துப் பறித்து அவருக்கு நகம் பிய்ந்தது, இன்றுவரை கோணலாகத்தான் வளர்கிறது. மறுபடி சரிந்த மணல் உன் வாயை மூடிவிட்டது.

ஊருக்கு வந்து அந்தப் பாவி என்ன சொன்னான் தெரியுமா? "குடிச்சுப்போட்டு எறங்குனான், செத்தான்." கள்ளைக் கண்டாலே மூக்கைப் பொத்துகிறவன் நீ! நாலு பேர் அதை நம்பவும் நம்பினார்கள்.

மணல் உன்னைப் புதைத்த இடத்தையாவது பார்க்கலாம் என்று கேட்டேன். "தீவு நடக்கும் தாயி. ஒருபக்கம் கரையும், ஒருபக்கம் வளரும். அந்த எடம் இப்பக் கடலுக்குள்ள" என்று கையைக் காட்டினாள். ஒரு பிடி மண்கூட எடுத்துவர முடியவில்லை. அங்கேயே நின்று மிட்டாதாரின் குலத்தைச் சபித்தேன்.

சாபம் பலிக்கும் என்று நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கிணற்று வேலை தொடங்குமுன் கன்னிமாருக்கு ஏழு கல் வைத்துக் கும்பிட்டு, வெட்டுகிறவன் வீட்டுப் பெண் கடப்பாரையை எடுத்துக் கொடுக்காமல் நம் ஆட்கள் எவனும் குழியில் இறங்கமாட்டான் இல்லையா? மல்லசமுத்திரம் தொடங்கி மேச்சேரி வரை ஊர் ஊராக நடந்தேன். கிணறு வெட்டுகிற வீடுகளில் ஆண்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்களிடம் உன் கதையைச் சொன்னேன். மிட்டாதார் தோப்புக்கு எவளும் கடப்பாரை எடுத்துக் கொடுப்பதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்தார்கள்.

போன வாரம் மிட்டாதாரே நம் வாசலுக்கு வந்துவிட்டான். குதிரைவண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான்.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத அம்மிணி. கெணத்த ஆழப்படுத்த ஒருத்தனும் வரமாட்டேங்கறான், ஒட்டு மாமரமெல்லாம் காயுது. மரம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"மரம் ஒண்ணும் பண்ணலீங்க. எந்தம்பி என்ன பண்ணுனானுங்க?"

"என்ன வேணுமோ கேளு, தாரேன்."

"சந்தைக்கு வாங்க. நாலு பேரு கேக்க, அவன் குடிக்கலே, நாந்தான் உசுரோட உட்டுப்போட்டு வந்தேன்னு சொல்லுங்க. அன்னைக்கே நானே கடப்பாரை எடுத்துக் குடுக்கறேனுங்க."

அவன் முகம் கறுத்துவிட்டது. "நானு மானத்தோட பொழைக்க வேண்டாமா?" என்றான்.

"அப்பப் போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினேன்.

"உட்டுரு புள்ளே, பச்சை மரம் காஞ்சா ஊருக்கே ஆகாது" என்கிறார் உன் மச்சான். அவர் மனசு அப்படி. அவன் பண்ணையாட்களும் ஆடுமாடும் நம் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள், அவர்களை நான் தடுக்கவில்லை. தோப்புக்கு மட்டும் ஒரு சொட்டு கிடையாது. நான் கெட்டவளாகிவிட்டேனா, செங்கோடா? ஆகியிருந்தாலும் பரவாயில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். சந்தையில் நின்று அவன் வாயைத் திறக்கும் வரை அந்த மண்ணில் கடப்பாரை விழாது. திறக்காவிட்டால் அந்த மாமரங்கள் விறகாகிச் சந்தைக்கு வரும். முதல் கட்டை நான் வாங்குவேன். அடுத்த வருஷம் உன் திதிக்குச் சோறு அந்த விறகில்தான் கொதிக்கும். வயிறார வந்து சாப்பிடு சாமி.

உன் கூடப்பிறந்தவள்,
அக்கா நல்லாயி