பாகான் டாலாமில் அப்பாவின் பள்ளிக்கூடம்

வெள்ளிக்கிழமை, இரவு

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும், கும்பிட்டுக் கேட்கிறேன், அப்பாவிடம் காட்டாதீர்கள்.

அப்பா சங்கத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கிறார். என் கையெழுத்து அழகாக இருப்பதால் நோட்டீஸ்களை நான்தான் பிரதி எடுக்கிறேன். அதில் ஒரு வரி: 'பாகான் டாலாமில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி வருகிறேன்.'

இன்று காலை அம்மாவோடு ஃபெரி ஏறிக் கடல் தாண்டி, பாகான் டாலாமில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உங்கப்பன் பள்ளிக்கூடமா? வா, காட்டுறேன். அங்க ஆடுதான்லா பாடம் படிக்குது!"

அத்தை காட்டிய கொட்டகையின் கதவைத் தள்ளினேன். உள்ளே மூன்று ஆடுகள் நின்றன. சுவரில் புதுக் கரும்பலகை. அதில் சாக்குக்கட்டி பட்டதே இல்லை.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வெளிய சொல்லாதடி. ஜெயிச்சதும் அப்பா தொறப்பாரு."

வீட்டுக்கு வந்து மீதிப் பிரதிகளை எழுத உட்கார்ந்தேன். அந்த வரி வந்ததும் கை ஓடவில்லை. அம்மா சொன்னதையே எழுதினேன்: 'பாகான் டாலாமில் பள்ளிக்கூடம் இன்னும் இல்லை. ஜெயித்தால் திறப்பேன்.'

அப்பா வந்து ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

"நீ எழுதுனத நான் பாக்கணுமா, பாப்பா?" என்று தலையைத் தடவினார். அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த தாளை நீட்டினேன்.

மாமா சாயங்காலமே அவற்றைப் பசார் கடைத்தெரு முழுக்க ஒட்டிவிட்டார். அப்பா கூட்டத்துக்குப் போயிருக்கிறார். என் படிப்பை நிறுத்திவிடுவாரோ? அடித்தால்கூடப் பரவாயில்லை.

கதவைத் தட்டுகிறார்கள். மோதிரம் மரத்தில் படும் சத்தம். அப்பாதான் அப்படி