இறக்கையில் இல்லாத பொட்டு

தோப்பூர்
03.03.2024

என் அன்பு மெலனி,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க இறைவனைக் கேட்கிறேன். நேற்று உன் போனுக்கு ஒரு படம் அனுப்பினேன், பார்த்தாயா? எங்கள் ஜம்புப் பழத்தில் இருக்கும் சின்ன ஈ. பக்கத்துத் தோட்டத்து ஸெய்னுதீன் காக்கா, இது பழத்துக்குள் முட்டையிடும் சாதி, பழுத்ததைப் புதைத்துவிட்டுக் காய்களுக்கு வலை போடுவோம் என்று நிற்கிறார். "பொறுங்க காக்கா, பூச்சிக்குப் பேர் சொல்றதுதான் என்ட கூட்டாளிட உத்தியோகம்" என்று மறித்து வைத்திருக்கிறேன். அவருக்குக் காட்ட வேண்டும், எழுத்திலேயே பதில் போடு. பள்ளிக்கூடக் காலம் மாதிரி இழுத்தடிக்காதே.

உன் ஸாலிஹா

ஓர்ஸ் ஹில்
07.03.2024

அன்புள்ள ஸாலிஹா,

இழுத்தடிக்கவில்லை, பார்! அந்தப் பொல்லாத ஈக்கு இறக்கையில் கறுப்புப் பொட்டு இருக்கும். உன் படத்தில் இறக்கை தெளிவாகத் தெரிகிறது, பொட்டே இல்லை. இது அழுகிய பழத்துக்கு வரும் சாதாரண ஈ. மரத்தடியைக் கூட்டி வைத்தால் போதும். ஒன்றையும் புதைக்க வேண்டாமென்று காக்காவிடம் சொல். வரும்போது ஒரு பை ஜம்பு இல்லாவிட்டால் கதவு திறக்கமாட்டேன்!

அன்புடன்
மெலனி

தோப்பூர்
05.04.2024

அன்பு மெலனி,

மரத்தில் இருக்கும் பழமெல்லாம் புழு. காக்காவின் பன்னிரண்டு ஜம்பு மரத்திலும் ஒன்றும் மிஞ்சவில்லை. வேலியடியில் நின்று, "உன்ட கதையை நம்பித்தானே சும்மா இருந்தனான்" என்றார். நான் விடுவேனா? மெலனி பார்த்தது பிழைக்காது, நீங்கள் தோட்டத்தைத் துப்பரவாக வைக்கவில்லை, கெட்ட ஈ பிறகு வந்தது என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். என் உம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய மனிதர் அவர். இப்போது முகம் பார்ப்பதில்லை. ஈ பிறகுதான் வந்தது என்று ஒரு வரி எழுதி அனுப்பு. அவரிடம் காட்ட வேண்டும்.

ஸாலிஹா

ஓர்ஸ் ஹில்
09.04.2024

என் ஸாலிஹா,

நீ கேட்ட வரியை எழுத ஏலாது. பொட்டு ஆண் ஈக்கு மட்டுந்தான். பழத்தைத் துளைக்கும் பெண்ணுக்கு இல்லை. அதற்கு வால் நுனியைப் பார்க்க வேண்டும். எங்கள் வேலையில் முதலில் படிப்பதே இதுதான். நான் பஸ்ஸில் நின்றபடி போனில் இறக்கையை மட்டும் பார்த்துவிட்டு எழுதினேன்.

அதோடு முடிந்திருந்தால் கவனக்குறைவு என்றாவது சொல்லலாம். போன மாதம் பதினோராம் திகதி உன் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். வால் நுனியில் அரம் போல் பல் இருந்தது, பழத்தைத் துளைக்கும் பெண் ஈயேதான். அன்றைக்கே சொல்லியிருந்தால் காய்களையாவது காப்பாற்றியிருப்பீர்கள். என் பெயர் கெட்டுப்போகுமென்று பயந்து, ஒன்றும் நடக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. உன் மீதும் பிழையில்லை, காக்கா மீதும் பிழையில்லை. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. என்னை மன்னிப்பாயா?

மெலனி

தோப்பூர்
14.04.2024

மெலனி,

கடிதத்தைக் காக்காவிடம் வாசித்துக் காட்டி, அவர் வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன். "பிழை ஆருக்குத்தான் வராது? உள்ளுக்கு வா, புள்ள" என்று தேத்தண்ணீர் தந்தார்.

பஸ்ஸில் பார்த்துப் பிழையாக எழுதியதை நானும் என்றாவது மறந்துவிடுவேன். ஆனால் ஈஸ்டருக்கு வாழ்த்துச் சொல்ல நான் போன் எடுத்தபோது, கேக் பொங்கவில்லை என்று அரை மணித்தியாலம் சிரித்துச் சிரித்துக் கதைத்தாயே. அப்போது உனக்கு எல்லாம் தெரியும்.

காக்கா இப்போது என்னோடு கதைக்கிறார். எனக்குத்தான் உன்னோடு கதைக்க ஏலாமல் இருக்கிறது.

ஸாலிஹா