டஸ்ட் தகட்டை மறக்காமல் கொண்டு வா

காந்தல், ஊட்டி
22-7-79

அன்பு மகன் முத்துவேலுக்கு அம்மா ஆண்டாயி எழுதுவது. மழையும் இருமலுமாக நாங்கள் இங்கே சுகம், அங்கே நீயும் மருமகள் அங்கம்மாவும் பேத்தியும் சுகம் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். போன கடிதத்தில் நீ எழுதியதை நான் மறக்கவில்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகும், சிலோன் தோட்டத்து ஸ்டோரில் தேயிலைப் பெட்டி மேல் சாயம் தேய்க்க எழுத்துத் தகடு வெட்டினவன் ஊட்டிக்கு வந்து உருளைக்கிழங்கு தோண்டவா என்று கேட்டிருந்தாய். அதற்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது, உட்கார்ந்து படி.

ஸ்கைலாப் என்ற அமெரிக்கக்காரன் இரும்புக் கூண்டு வானத்திலிருந்து நம் தலையில் விழப்போகிறது என்று ரேடியோவில் சொன்னதும் காந்தலே நடுங்கியது. பக்கத்து வீட்டுத் தபித்தாள், சாகிறதுதான் சாகிறோம் என்று முட்டையிடுகிற கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிட்டு, இப்போது கோழிக்காக அழுகிறாள். உன் தங்கச்சி தெய்வம்மா மட்டும் சிரித்தாள். நீ கழித்துப் போட்ட பழைய தகட்டை நான் டிரங்குப் பெட்டி அடியில் வைத்துக் கப்பலில் கொண்டு வந்தேனே, அதன் மேல்பாதியில் அந்தக் கூண்டை வெட்டி, ஊட்டிக்கு எந்த வழி என்று அது கேட்பது போல எழுத்தும் வெட்டி, திருப்பூர் வெள்ளைப் பனியனில் வைத்துச் சாயம் தேய்த்தாள். காலேஜ் பையன்கள் டீ-ஷர்ட் என்கிறார்கள், நமக்கு அது பனியன்தான். ஆனால் அங்கே உன்னோடு நின்று பெட்டிக்கு அடித்துப் பழகின கை, தகட்டின் அடிவரை தானாக ஓடிவிட்டது. நீ வெட்டின பி.ஓ.பி. என்ற தேயிலை ரகத்தின் பேர் ஒவ்வொரு பனியனிலும் வயிற்றுக்கு நேராக விழுந்துவிட்டது.

அழுத கண்ணோடு பஸ் ஸ்டாண்டில் விரித்தாள். எதிர்க்கடை குமாரசாமி, பொட்டிக்கு அடிக்கறத மனுசன் வயித்துல அடிச்சிருக்கீங்களே, யாருங்க வாங்குவாங்க என்று நாலு பேர் கேட்கச் சொன்னான். நாங்கள் வந்த வருசம் ஐப்பசி மழைக்கு மூட்டையோடு அவன் கடை ஓரம் ஒதுங்கினபோது, சிலோன்காரங்க நின்னா யாவாரம் ஆகாதுங்க என்று விரட்டினவன் இவன்தான். அன்றைக்கு நீலச் சட்டை போட்டிருந்தான், மேல் பித்தான் இல்லை. அப்போது கோயம்புத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கின பையன்கள் அது என்ன எழுத்து என்று கேட்க, தேயிலையில் இது நல்ல ரகம், கடைசியாகச் சலிக்கிற தூளுக்கு டஸ்ட் என்று பேர் என்று தெய்வம்மா உள்ளதைச் சொன்னாள். அவ்வளவுதான், எனக்கு நல்ல ரகம் குடுங்க, இவனுக்கு டஸ்ட் அடிங்கக்கா என்று ஒருவன் கூட்டாளியைப் பிடித்துத் தள்ளுகிறான். மத்தியானத்துக்குள் விரிப்பு காலி.

கூண்டு ஆஸ்திரேலியாப் பக்கம் விழுந்ததும் இனி யார் வாங்குவார்கள் என்று பயந்தேன். மறுநாளே, வழி தப்பிப் போச்சு என்று எழுத்தை மாற்றி அடித்துவிட்டாள். போன வாரம் காட்டெருமை மார்க்கெட்டில் புகுந்து முட்டைக்கோசு தின்றது, சாயங்காலமே அதுவும் பனியனில் ஏறியது. வெயில் இல்லாமல் அடுப்புக்கு மேலே காயப்போட்டு எல்லாம் புகை நாற்றம், அதற்கும் ஆள் வருகிறது. வெயில் காலத்தில் பூக் கண்காட்சி, நாய்க் கண்காட்சி என்று வரிசையாக வரும். ஆனால் எல்லாரும் டஸ்ட் கேட்கிறார்கள். அவளுக்குப் படம் வருகிறது, எழுத்து வெட்டினால் ஓரம் பிசிறுகிறது. டஸ்ட் என்று வெட்டின தகடும் உன்னிடம் இருக்கிறது, அந்தக் கையும் உன்னிடம் இருக்கிறது.

நேற்று குமாரசாமியே வந்து, ஏனுங்கம்மா, நம்ம கடையிலயும் நாலு தொங்கவிடலாமுங்களே என்றான். தெய்வம்மா தலையாட்டப் போனாள். நான் முந்திக்கொண்டு, "என் மகன் சிலோன்லருந்து வரட்டும். உனக்குன்னு ஒண்ணு தனியா அடிச்சுத் தாரோம். அதப் போட்டுக்கிட்டுக் கடையில நில்லு, அப்புறம் பாப்போம்" என்றேன். என்ன ரகம் என்று சொல்லவில்லை. சந்தோசமாகப் போயிருக்கிறான்.

ஆகையால் யோசித்தது போதும், கப்பலுக்குப் பேர் கொடு. பேத்திக்குக் கம்பளி எடுத்து வா, இங்கே குளிர் அதிகம். தகடு வளையாமல் மருமகள் சேலைக்குள் சுற்றி வை. முருகன் உங்களைக் கரை சேர்ப்பான். உனக்கும் ஒரு பனியன் அடித்து வைத்தாயிற்று, கப்பல் படமும் கீழே முத்துவேல் வந்தாச்சு என்ற எழுத்தும். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
ஆண்டாயி