ஒரு பக்கம் அடங்க வேண்டும், வைதேகி

நாத்தனாராகக் கிடைத்து எனக்குத் தங்கையாகிப் போன வைதேகிக்கு,

உன் அண்ணன் மகள் யாழினிக்கு இடது கண்ணில் பார்வை இன்னும் ஏறவில்லை. நல்ல வலது கண்ணைத் தினமும் ஒட்டுப்போட்டு மூடுகிறேன். அப்போதுதான் இடது கண் பழகுமாம். போன வாரம் டாக்டர் முகத்தில் சிரிப்பே இல்லை. இந்த வயதைத் தாண்டினால் கஷ்டம் என்றார். ஆட்டோ மேற்கு மாம்பலம் வந்து சேரும்வரை அவள் கையை நான் விடவில்லை.

உன் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. நன்றாகத் தெரிகிற கண்ணை மூடிவிட்டுப் படி படி என்றால் குழந்தை என்ன செய்யும் என்கிறார். எனக்கு மட்டும் கேட்கிறதா?

இன்று காலை பால்கனியில் உன் புறாக்களுக்குக் கம்பு போட்டுக்கொண்டிருந்தாள். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, ஒட்டின் மூக்கோர இடுக்கு வழியாக வலது கண்ணால் பார்க்கிறாள். இத்தனை நாளும் இப்படித்தானா? கையை ஓங்கிவிட்டேன்.

"அத்தைதாம்மா சொன்னாங்க, புறா தலையத் திருப்பித்தான் பாக்கும்னு."

ஓங்கிய கை அப்படியே நின்றது. கோபப்படக்கூட நீ இல்லையே.

நீ ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்து, தட்டில் இரண்டு இட்லியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்கு விளக்கினாயே. புறாவின் நடுமூளையில் பார்வைக்கு இரண்டு மேடுகள், ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கக் கண்ணுக்கு. ஒன்று கிளம்பினால் மற்றதை அடக்கும். "ரெண்டும் ஒரே நேரத்துல கத்தினா எதக் கொத்தறதுன்னு அது முழிக்கும் அண்ணி. அடக்கறது விரோதம் இல்ல" என்றாய். மனுஷ மூளையில் அது வேறு இடம், வேறு கதை, குழப்பாதீர்கள் என்று இப்போது திட்டுவாய். திட்டேன். வேறு எதைச் சொல்லி அவளை உட்கார வைப்பேன்?

அதையே சொன்னேன். ஒட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப இந்தக் கண்ணுக்குப் பனிஷ்மென்ட் இல்லியா?"

இவ்வளவு நாளாக அப்படி நினைத்திருக்கிறாள், வைதேகி. ஒட்டின் ஓரத்தைத் தானே அழுத்திக்கொண்டாள். கிண்ணம் சரியாகத் தெரியாமல் கம்பு பாதி தரையில் கொட்டியது. அழுதாள். ஆனால் தலையைத் திருப்பவில்லை.

தாமதமாகிவிட்டதா? நீ இருந்தால் உன்னைத்தானே கேட்டிருப்பேன்.

அவள் அழுதாலும் நான் அழுதாலும் அந்த ஓரத்தைப் பிரிக்கமாட்டேன். கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் உன் படத்தை ஒருநாள் அவள் இடது கண்ணால் பார்ப்பாள். பார்க்க வைப்பேன்.

யாழினியின் அம்மா,
உன் அண்ணி